அண்ணப்பிளவு: துளையை மூடினால் மட்டும் போதுமா? அறுவை சிகிச்சை முறைகள் ஓர் ஒப்பீடு

பிறந்த குழந்தையின் உதட்டில் பிளவு இருந்தால் வீடே பதறிவிடுகிறது. அன்றைக்கே டாக்டரைத் தேடி ஓடுகிறோம். சில மாதங்களில் உதடு தைக்கப்பட்டு குழந்தையின் முகம் சீரானதும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதே குழந்தையின் வாய்க்குள், மேல் அண்ணத்தில் இருக்கும் பிளவு யார் கண்ணிலும் படுவதில்லை. "அண்ணத்துக்கு இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும், இந்த மாதம் அழைத்து வாருங்கள்" என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த சீட்டு அலமாரியில் கிடக்கிறது. பிள்ளை நன்றாகத்தானே சாப்பிடுகிறது, கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். அப்படியே இரண்டு, மூன்று வருடங்கள் ஓடிவிடுகின்றன.

உதட்டைத் தைப்பதில் தோற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அண்ணத்தைத் தைப்பதோ முதன்மையாகப் பேச்சுக்காக. பேச்சைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலம் நமக்காகக் காத்திருக்காது.

அண்ணப்பிளவைச் சரிசெய்யப் பல அறுவை முறைகள் உள்ளன. லாங்கன்பெக், பார்டாக், ஃபர்லோ என்று டாக்டர் சொல்லும் பெயர்கள் பெற்றோருக்குப் புரிவதில்லை. ஒரு மருத்துவமனையில் ஒரு முறையும் இன்னொரு மருத்துவமனையில் வேறொரு முறையும் செய்கிறார்கள் என்றால், எது நல்லது என்ற குழப்பம் வருகிறது. இந்த முறைகள் என்ன செய்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கிறது, எதை விலையாகக் கொடுக்க நேர்கிறது என்பதை இக்கட்டுரையில் எளிமையாகப் பார்ப்போம்.

அண்ணம் என்ன வேலை செய்கிறது?

நாக்கின் நுனியை மேல் பற்களுக்குப் பின்னால் வைத்து மெல்லப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். முன்பகுதி கெட்டியாக இருக்கும். அதற்குள் எலும்பு இருக்கிறது. இது வன்மையான அண்ணம். கொஞ்சம் பின்னால் போனால் மிருதுவாகிவிடும். அங்கே எலும்பு கிடையாது, தசை மட்டுமே. இது மென்மையான அண்ணம். அதன் கடைசியில் தொங்குவதுதான் உள்நாக்கு.

வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் கூரை இது. முன்பகுதி அசையாத சுவர். பின்பகுதி திறந்து மூடும் கதவு. மென்மையான அண்ணத்துக்குள் வலமும் இடமும் இருந்து வரும் தசைகள் நடுவில் ஒன்றுசேர்ந்து ஒரு தூளி போலத் தொங்குகின்றன. நாம் பேசும்போதும் விழுங்கும்போதும் அந்தத் தூளி மேலே எழும்பி, தொண்டையின் பின்சுவரைத் தொட்டு, மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது.

கருவில் இந்தக் கூரை இரண்டு பாதிகளாக உருவாகி நடுவில் இணைகிறது. இது நடப்பது கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள். ஏதோ ஒரு காரணத்தால் அந்த இணைப்பு முழுமையாகாமல் போனால் அண்ணப்பிளவு ஏற்படுகிறது. உதட்டுப் பிளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பிளவுபட்ட அண்ணத்தில் நடுவில் ஒரு இடைவெளி இருப்பது மட்டும் குறையல்ல. தூளியாக இணைய வேண்டிய தசைகள் இணையாமல், இருபுறமும் முன்னோக்கித் திரும்பி எலும்பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது, கதவு உடைந்திருப்பதோடு அதை இழுக்க வேண்டிய கயிறும் தவறான இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. மேலே உள்ள தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் துளை மூடும், கதவு வேலை செய்யாது.

வல்லினம் ஏன் மெல்லினமாகிறது?

பள்ளியில் படித்த வல்லினமும் மெல்லினமும் நினைவிருக்கும். க, ச, ட, த, ப, ற என்பவற்றில் அழுத்தமாக ஒலிப்பவற்றைச் சொல்ல வாய்க்குள் காற்று அடைபட்டு, அழுத்தம் சேர்ந்து, பிறகு வெடிக்க வேண்டும். ங, ஞ, ண, ந, ம, ன ஆகியவற்றுக்குக் காற்று மூக்கு வழியே போக வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு 'வாப்பா' என்று சொல்லிப் பாருங்கள், மாற்றம் தெரியாது. அப்படியே 'உம்மா' என்று சொல்லுங்கள், ஒலி அடைபடும்.

அண்ணப்பிளவு உள்ள குழந்தைக்குக் கதவு மூடுவதில்லை. எனவே எல்லா ஒலிக்கும் காற்று மூக்கு வழியே கசிகிறது. அதற்கு 'உம்மா' சிரமமில்லாமல் வரும். 'வாப்பா' என்று சொல்ல முயன்றால் 'வாம்மா' போல ஒலிக்கும். 'அத்தா' என்பது 'அந்நா' போல ஆகும். வாயில் அழுத்தத்தைச் சேர்க்க முடியாத குழந்தை, தானாகவே வேறு வழி தேடுகிறது. க, த, ப வர வேண்டிய இடங்களில் தொண்டையை இறுக்கி ஒரு ஒலியை எழுப்புகிறது. தஜ்வீத் படித்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: ஏறக்குறைய எல்லா எழுத்தும் ஹம்ஸாவின் மக்ரஜிலிருந்து வருகிறது, குன்னா வரக்கூடாத எழுத்துகளிலும் குன்னா வருகிறது. இந்தப் பழக்கம் ஊறிவிட்டால், பிறகு அண்ணத்தைச் சரிசெய்தாலும் நாக்கும் தொண்டையும் பழைய வழியையே பிடித்துக்கொள்ளும். அதை மாற்ற நீண்ட காலப் பேச்சுப் பயிற்சி தேவைப்படும்.

மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். மேல் தோல் மூடியிருக்க, உள்ளே தசை மட்டும் இணையாத ஒரு வகைப் பிளவும் உண்டு. வாயைத் திறந்து பார்த்தாலும் ஓட்டை தெரியாது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதுதான் பல நேரங்களில் ஒரே அடையாளம். இப்படிப்பட்ட பிள்ளைகள் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பார்கள். 'பா'வும் 'காஃப்'பும் எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் மூக்கால் வருகிறது என்றால், அது அலட்சியமாக இல்லாமல் இருக்கலாம். கண்டிப்பதற்கு முன் பெற்றோரை அழைத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று இலக்குகள், ஒன்றோடொன்று மோதுகின்றன

அண்ண அறுவை சிகிச்சைக்கு மூன்று இலக்குகள் உண்டு. ஒன்று, பிளவு மீண்டும் ஓட்டை விழாமல் மூட வேண்டும். இரண்டு, பேச்சு தெளிவாக வர வேண்டும். மூன்று, மேல்தாடை பின்னாளில் இயல்பாக வளர வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் முழுமையாக அடைவது கடினம். அறுவை சிகிச்சையால் எலும்பின் மேல் ஏற்படும் வடு, தாடையின் வளர்ச்சியைப் பிடித்து இழுக்கிறது. வளர்ச்சி பாதிக்கக்கூடாது என்று தாமதித்தால் பேச்சு பாதிக்கிறது.

இந்த முரண்பாட்டை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நமக்கு அருகில், இலங்கையில் நடந்தது. பிரிட்டனைச் சேர்ந்த பல் சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் 1984இல் தொடங்கிய இலங்கை உதடு, அண்ணப்பிளவுத் திட்டம் காலிப் பகுதியை மையமாகக் கொண்டு இயங்கியது. சிகிச்சையே பெறாமல் பெரியவர்களாகிவிட்ட பலரை அக்குழு அங்கே பரிசோதித்தது. அவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பாக வளர்ந்திருந்தது. பிளவுள்ள குழந்தைகளின் தாடை வளராமல் போவதற்குப் பிளவைவிட அறுவை சிகிச்சையின் வடுவே பெரிய காரணம் என்பதற்கு இது வலுவான சான்றானது.

அப்படியானால் வளர்ந்த பிறகே செய்யலாமே என்று தோன்றும். அதற்கும் அதே திட்டம் பதில் தந்தது. பதின்ம வயதில் முதன்முறையாக அண்ணம் தைக்கப்பட்டவர்களின் பேச்சை ஆராய்ந்தபோது, அண்ணம் மூடிய பின்னும் பெரும்பாலோரின் பேச்சு சீராகவில்லை என்று 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. தாடை பின்தங்கினால் பல் கம்பியாலும், வளர்ச்சி முடிந்த பின் தாடை அறுவை சிகிச்சையாலும் பெருமளவு சரிசெய்ய முடியும். கடந்துபோன பேச்சுப் பருவத்தை அப்படித் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை. இன்று உலகெங்கும் பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்துக் குழந்தைப் பருவத்திலேயே அண்ணத்தை மூடுவதற்குக் காரணம் இதுதான். அதற்குள்ளேயே தாடைக்கு எவ்வளவு குறைவாகச் சேதம் செய்யலாம் என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

முறைகள் ஒவ்வொன்றாக

முதலில் ஒரு தெளிவு. சில முறைகள் முன்பக்கத்து வன்மையான அண்ணத்தை மூடுவதற்கானவை. சில, பின்பக்கத்து மென்மையான அண்ணத்துக்கானவை. ஆகவே டாக்டர் சொல்லும் இரண்டு பெயர்கள் ஒன்றுக்கொன்று போட்டியாக இல்லாமல், ஒரே ஆபரேஷனின் இரண்டு பாதிகளாக இருக்கலாம்.

லாங்கன்பெக் முறை: ஜெர்மன் அறுவை நிபுணர் லாங்கன்பெக் 1861இல் விவரித்தது. பிளவின் விளிம்பிலும், பல் ஈறுக்கு உட்புறமாகவும் கீறுவார்கள். இடையில் உள்ள சதையை எலும்பிலிருந்து பிரித்து எடுப்பார்கள். முன்னாலும் பின்னாலும் ஒட்டியபடியே ஒரு பாலம் போல இருக்கும் அந்தச் சதையை நடுவுக்கு நகர்த்தித் தைப்பார்கள். இரண்டு பக்கமும் ரத்த ஓட்டம் இருப்பதால் பாதுகாப்பானது. அகலம் குறைந்த பிளவுகளுக்கு இன்றும் பயன்படுகிறது. அண்ணத்தின் நீளத்தை இது கூட்டாது. பழைய வடிவில் தசையையும் சரியாக இணைக்கவில்லை. இப்போது இதைச் செய்பவர்கள் தசை இணைப்பையும் சேர்த்தே செய்கிறார்கள்.

பின்தள்ளும் முறை: வோ, வார்டில், கில்னர் ஆகிய மூவரின் பெயரால் அழைக்கப்படுவது. 1930களில் வந்தது. அண்ணம் நீளமாக இருந்தால் தொண்டைச் சுவரைத் தொடும் என்ற எண்ணத்தில், முன்பக்க இணைப்பையும் வெட்டி, சதை முழுவதையும் பின்னோக்கித் தள்ளித் தைப்பார்கள். நீளம் கிடைத்தது உண்மை. ஆனால் முன்பக்கம் எலும்பு மூடப்படாமல் விடப்பட்டு, அந்த இடம் வடுவாக ஆறியது. மேல்தாடை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. வடு சுருங்கும்போது கிடைத்த நீளத்திலும் ஒரு பங்கு குறைந்துபோகக்கூடும். இதனால் பல மையங்கள் இதைக் கைவிட்டுவிட்டன.

இரு மடல் முறை: போலந்தில் வளர்ந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய பார்டாக் என்பவர் 1967இல் அறிமுகப்படுத்தியது. இருபுறமும் அண்ணச் சதையை முன்பக்கம் முழுதாக விடுவித்து, பின்னாலுள்ள ரத்தக்குழாயை மட்டும் காப்பாற்றி, இரண்டு மடல்களாக எடுப்பார்கள். கதவின் இரு இலைகளைப் போல அவை தாராளமாக நகரும். உதட்டிலிருந்து உள்நாக்கு வரை முழுமையாகப் பிளந்திருக்கும் அகலமான பிளவுகளை மூட இது வசதியானது. பின்தள்ளும் முறையைவிடத் திறந்துவிடப்படும் எலும்பின் பரப்பு குறைவு. இதுவும் நீளத்தைக் கூட்டுவதில்லை. இதனோடும் தசை இணைப்பைச் சேர்த்துச் செய்ய வேண்டும்.

தசையைத் திருப்பி இணைக்கும் முறை: தவறான இடத்தில் ஒட்டியிருக்கும் தசையை எலும்பின் விளிம்பிலிருந்து பிரித்து, பின்னோக்கித் திருப்பி, நடுவில் இணைத்துத் தூளியை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதை ஜெர்மன் நிபுணர் கிரீன்ஸ் 1969இல் வலியுறுத்தினார். பிரிட்டனின் சோமர்லாட் இதை அறுவை நுண்ணோக்கியின் உதவியோடு மிக நுட்பமாக வளர்த்தெடுத்தார். தசையைச் சரியாக விடுவிப்பதால் பல குழந்தைகளுக்கு ஈறோரத்தில் கீறாமலேயே பிளவை மூடிவிட முடிகிறது. வடு குறைகிறது. ஆனால் தசையைப் பாதி மட்டும் பிரித்தால் பலன் இராது. செய்பவரின் பயிற்சியை இது பெரிதும் சார்ந்துள்ளது.

ஃபர்லோ முறை: அமெரிக்க நிபுணர் ஃபர்லோவின் முறை, 1986இல் கட்டுரையாக வெளிவந்தது. மென்மையான அண்ணத்துக்கு மேல்புறம் மூக்குப் பக்கப் படலமும் கீழ்ப்புறம் வாய்ப் பக்கப் படலமும் உண்டு. இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் முக்கோணங்களாக வெட்டி, இடம் மாற்றித் தைப்பார்கள். தசைகள் முக்கோணங்களோடு சேர்ந்து நகர்ந்து, குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்து தூளியாகின்றன. அண்ணத்தின் நீளமும் கூடுகிறது. தையல் நேர்க்கோட்டில் இல்லாததால் வடு சுருங்கி அண்ணத்தை முன்னுக்கு இழுப்பதில்லை. குறை என்னவென்றால், நீளத்தைப் பெறுவதற்கு அகலத்திலிருந்து சதையைக் கடன் வாங்க வேண்டும். பிளவு மிக அகலமாக இருந்தால் தையல் இறுகி, பிரிந்துவிடும் ஆபத்து அதிகம்.

இரண்டு கட்ட முறை: மென்மையான அண்ணத்தை முதலில் மூடிவிட்டு, வன்மையான அண்ணத்தைப் பல வருடம் கழித்து மூடுவது. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஷ்வெக்கன்டீக் இதைப் பின்பற்றினார். அங்கே சிகிச்சை பெற்றவர்களைப் பார்டாக்கின் குழு பரிசோதித்து 1984இல் முடிவை வெளியிட்டது. முகவளர்ச்சி நன்றாக இருந்தது, பேச்சு மோசமாக இருந்தது. இன்று இரண்டு கட்டமாகச் செய்யும் மையங்கள்கூட இடைவெளியை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. உதட்டைத் தைக்கும்போதே மூக்கின் நடுச்சுவரிலிருந்து ஒரு படலத்தை எடுத்து முன் அண்ணத்தை மூடிவிட்டு, மீதியைப் பிறகு மூடுவதும் வழக்கத்தில் உள்ளது.

நேருக்கு நேர் ஒப்பிட்டபோது

ஒவ்வொரு நிபுணரும் தம் முறையே சிறந்தது என்று சொல்வது இயல்பு. அதனால் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கே மதிப்பு அதிகம்.

பிரேசிலின் பவுரு நகரில் உள்ள மருத்துவமனையும் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் இணைந்து, ஒருபக்க உதட்டுப் பிளவோடு அண்ணப்பிளவும் உள்ள குழந்தைகளிடம் அப்படி ஓர் ஆய்வை நடத்தின. ஒரு பிரிவுக்கு ஃபர்லோ முறை, மற்றொரு பிரிவுக்குத் தசை இணைப்போடு கூடிய லாங்கன்பெக் முறை. 2011இல் முடிவு வெளியானது. மூக்கால் பேசுவது ஃபர்லோ பிரிவில் குறைவு. ஆனால் தையல் பிரிந்து ஓட்டை விழுவது அதே ஃபர்லோ பிரிவில் அதிகம். பேச்சில் ஒன்று முந்தியது, மூடுவதில் மற்றது முந்தியது. எந்த முறையும் எல்லாக் குழந்தைக்கும் சிறந்தது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வயதைப் பற்றிய பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள், பிரேசில் ஆகியவற்றின் 23 மையங்களில், அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிக்கு 6 மாதத்தில், மறுபாதிக்கு 12 மாதத்தில், எல்லோருக்கும் சோமர்லாட்டின் தசை இணைப்பு முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. 5 வயதில் பேச்சைப் பரிசோதித்தபோது, மூக்கின் வழியை அடைக்கும் திறன் போதாமல் இருந்தவர்கள் 6 மாதப் பிரிவில் 8.9 சதவீதம், 12 மாதப் பிரிவில் 15 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு 6 மாதத்திலேயே செய்யுங்கள் என்று எல்லா டாக்டரிடமும் வற்புறுத்தக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வேறு நோயில்லாத குழந்தைகள். கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த குழுக்கள் அங்கே இருந்தன. எடை குறைந்த குழந்தை, ரத்தசோகை உள்ள குழந்தை, இதயக் குறை உள்ள குழந்தை, கீழ்த்தாடை சிறுத்து மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தை ஆகியோருக்குப் பொறுத்திருப்பதே பாதுகாப்பு. நம் பகுதிகளில் 9 மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் செய்வது பரவலான வழக்கம். குழந்தை சொற்களைக் கோர்த்துப் பேசத் தொடங்கும் முன் அண்ணம் தயாராக இருக்க வேண்டும் என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எந்தக் குழந்தைக்கு எது?

மென்மையான அண்ணத்தில் மட்டும் குறுகிய பிளவு இருந்தாலும், தோலுக்கடியில் மறைந்த பிளவு என்றாலும் ஃபர்லோ முறையோ முழுமையான தசை இணைப்போ பொருந்தும். பிளவு கொஞ்சம் முன்னால் வந்து வன்மையான அண்ணத்தையும் தொட்டால் லாங்கன்பெக் முறையோடு தசை இணைப்பு. உதடு வரை முழுமையாகப் பிளந்திருந்தால் இரு மடல் முறையோடு தசை இணைப்பு, அல்லது முன்பகுதியை உதட்டோடு சேர்த்து மூடிவிட்டு மீதியைப் பிறகு மூடுவது. மிக அகலமான பிளவுக்குக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சதை எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. பொதுவான போக்கு இது. உங்கள் குழந்தையின் வாயைப் பார்த்தவரே முடிவு செய்ய வேண்டும்.

எந்தப் பெயர் சொன்னாலும் தசையைச் சரியாக இணைப்பதும், அதைச் செய்யும் கையின் அனுபவமும் பெயரைவிட முக்கியம். ஆகவே பெற்றோர் டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை இவை:

1. பிளவு எதுவரை இருக்கிறது, எவ்வளவு அகலம்?
2. தசையையும் திருப்பி இணைப்பீர்களா?
3. வருடத்துக்கு இப்படி எத்தனை குழந்தைகளுக்குச் செய்கிறீர்கள்?
4. தையல் பிரிந்து ஓட்டை விழுந்தால் அடுத்து என்ன, எப்போது?
5. பேச்சுப் பயிற்சியாளர், காது டாக்டர், பல் சீரமைப்பு டாக்டர் ஆகியோர் இதே மையத்தில் இருக்கிறார்களா?

அறுவைக்கு முன்னும் பின்னும்

அண்ணத்தில் பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. தாய்ப்பால் இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையாலோ சங்காலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் அடிக்கடி தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்ய வேண்டும். எடை கூடுகிறதா என்பதை விடாமல் பாருங்கள். எடையும் ரத்தமும் போதாமல் ஆபரேஷன் தேதி தள்ளிப்போவது பலருக்கும் நடப்பது.

காதையும் மறக்கக் கூடாது. அண்ணத்தின் தசைதான் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாயையும் திறக்கிறது. தசை வேலை செய்யாததால் இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் நடுக்காதில் நீர் சேர்கிறது. வலி இராது, கேட்கும் திறன் மட்டும் குறையும். சரியாகக் கேட்காத பிள்ளைக்குச் சரியாகப் பேச வராது. காதுப் பரிசோதனை கட்டாயம். தேவைப்பட்டால் காதுச் சவ்வில் சிறு குழாய் வைப்பார்கள்.

அறுவைக்குப் பின் முதல் நாள் மூச்சையும் ரத்தக் கசிவையும் கவனிப்பார்கள். அதன்பின் இரண்டு மூன்று வாரங்களுக்குக் கஞ்சி, பால், மசித்த உணவு மட்டும். பிஸ்கட், முறுக்கு, வாயில் போடும் விளையாட்டுச் சாமான் எதுவும் கூடாது. விரலை வாயில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் தையல் சுத்தமாக இருக்கும்.

இதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சில பிள்ளைகளுக்குக் கதவு முழுதாக மூடாது. மேலே சொன்ன ஆய்வின் நல்ல முடிவிலேயே 100க்கு 9 பேர் அப்படி இருந்தார்கள். அவர்களுக்கு நான்கைந்து வயதில் பேச்சுக்கான இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். பேச்சுப் பயிற்சியாளரிடம் தொடர்ந்து போனால்தான் அது தெரியவரும்.

யார் மீது பழி?

கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். யாருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் அப்போதே அதைத் திருத்தினார்கள். அண்ணம் இணைவது ஒன்பதாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணம் அதைப் பிளக்க முடியாது. மரபணு, சில வலிப்பு மருந்துகள், புகையிலை போன்றவை காரணமாகலாம் என்று மருத்துவம் சொல்கிறது. பல குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சொல்லவே முடிவதில்லை. பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சிப் புகட்டிக் களைத்திருக்கும் தாயின் மீது பழியையும் சுமத்தாதீர்கள்.

செலவை நினைத்தும் தள்ளிப்போட வேண்டியதில்லை. மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் சேர்க்கப்பட்டுள்ளன. பிறப்பு முதல் 18 வயது வரை இதன் கீழ் இலவசச் சிகிச்சை உண்டு. அங்கன்வாடி, அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் கேட்டால் மாவட்ட மையத்துக்கு வழிகாட்டுவார்கள். 1999இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனமும் நம் நாட்டின் பல மருத்துவமனைகளோடு சேர்ந்து இலவசமாக இந்த ஆபரேஷனுக்கு உதவுகிறது. பயணச் செலவும், தாய் மருத்துவமனையில் தங்கும் நாட்களின் செலவும்தான் ஏழைக் குடும்பங்களைத் தடுக்கின்றன. அதை ஒரு மஹல்லா ஜமாஅத் ஏற்றுக்கொள்வது பெரிய காரியமல்ல.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உதடு தைத்து முடிந்த குழந்தை இருந்தால், அண்ணத்தைப் பார்த்தார்களா, அடுத்த ஆபரேஷன் தேதி எது என்று இன்றே கேளுங்கள். அந்தச் சீட்டை அலமாரியிலிருந்து எடுக்க வைத்தால், இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளை 'வாப்பா' என்று தெளிவாக அழைக்கும்.